ஒரு சாண் சிவப்பு வயர்

நவம்பரில் கொடைக்கானல் மலை ஏறியவர்களுக்கு அந்தப் பனி தெரியும். டம் டம் பாறை வரைக்கும் பாதை பளிச்சென்று இருக்கும். ஊத்து நெருங்க நெருங்க, யாரோ கண்ணாடிமேல் வெள்ளை வேட்டியை உதறிப் போர்த்தியது மாதிரி ஆகிவிடும். ஹை பீம் போட்டால் இன்னும் மோசம். வெளிச்சம் பனியில் மோதி நம் கண்ணுக்கே திரும்பி வரும். என் மாமனார் வீடு பண்ணைக்காட்டில். வருஷத்துக்கு ஆறேழு தடவை ஏறி இறங்குகிறோம், அதில் பாதி இருட்டில். அதனால்தான் காருக்கு ஃபாக் லேம்ப் போட்டேன். பகட்டுக்காக அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி இன்றுவரை இதை நம்பவில்லை.

திண்டுக்கல்லில் ஒரு அக்சஸரீஸ் கடையில் வேலை நடந்தது. 55 வாட் விளக்கு இரண்டு, டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச், ஒரு சுருள் வயர். ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். நான் சும்மா உட்காரவில்லை, பக்கத்திலேயே நின்று பார்த்தேன். “தம்பி, ஃபியூஸ் போட்டிருக்கீங்கல்ல?” என்று கேட்கவும் செய்தேன். பையன் டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு கறுப்பு ஹோல்டரை இழுத்துக் காட்டினான். மூடியைத் திறந்தால் உள்ளே நீல நிறத்தில் 15 ஆம்பியர் ஃபியூஸ். “சுவிட்ச் பக்கத்துலயே வச்சிருக்கேன் சார், போனா ஈஸியா மாத்திக்கலாம்” என்றான். எவ்வளவு பொறுப்பான பையன் என்று நினைத்துக்கொண்டு காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்பதாவது மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, ஊத்துக்கு முன்னால் ஒரு கொண்டை ஊசி வளைவில், காருக்குள் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். முன்னால் போகும் லாரியின் கிளட்ச் என்று நினைத்தேன். முன்னால் லாரியே இல்லை. அடுத்த நிமிஷம் ஏ.சி. துளை வழியாக நூல் மாதிரி புகை வந்தது. ஓரம் கட்டி, சாவியைத் திருப்பி எடுத்து, எல்லோரையும் இறக்கினேன். சாவி என் கையில்தான் இருக்கிறது. புகை மட்டும் நிற்கவில்லை. நான் அன்றைக்கு ஃபாக் லேம்ப் சுவிட்சைப் போடவே இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

பின்னால் வந்த பேருந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து பானெட் இடுக்கில் குனிந்து பார்த்தார். தீ தெரியவில்லை, வெறும் புகைதான் என்று உறுதியான பிறகே திறக்கச் சொன்னார். (தீ தெரிந்தால் பானெட்டைத் திறக்கவே கூடாது. காற்று உள்ளே போனால் தீக்குத்தான் கொண்டாட்டம். ஆட்களை இறக்கித் தள்ளி நிற்க வேண்டியதுதான்.) “சார், சாவியைப் புடுங்குனா இது நிக்காது. பேட்டரியைக் கழட்டணும். பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருக்கா?” இருந்தது. நான் பதற்றத்தில் சிவப்பு மூடி போட்ட முனைக்குப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். “கறுப்பு சார். கறுப்பை முதல்ல.”

ஏன் கறுப்பு முதலில் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை, பிற்பாடுதான் புரிந்தது. காரின் உடம்பு முழுக்க நெகட்டிவ்தான். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனரின் மறுமுனை எங்காவது தகரத்தில் பட்டால், ஸ்பேனரே ஷார்ட் ஆகும் கம்பி. மோதிரமும் சேர்ந்து மாட்டினால் விரலோடு போகும். நெகட்டிவை முதலில் எடுத்துவிட்டால் அப்புறம் ஸ்பேனர் எங்கே பட்டாலும் கவலையில்லை. மாட்டும்போது இதே கணக்கு தலைகீழ், நெகட்டிவ் கடைசியில்.

அன்று இரவு கார் ஊத்திலேயே நின்றது. நாங்கள் அந்தப் பேருந்திலேயே ஏறினோம்.

வீட்டுக்கு எடுத்து வந்த பிறகு ஒரு டார்ச்சோடு உட்கார்ந்து அந்த வயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். பேட்டரி பாசிட்டிவில் ஆரம்பித்து, பானெட்டின் ஓரமாகப் போய், என்ஜினுக்கும் காபினுக்கும் நடுவில் இருக்கும் தகரச் சுவரில் ஒரு ஓட்டை வழியாக உள்ளே நுழைந்து, டேஷ்போர்டுக்கு அடியில் அந்தப் பொறுப்பான ஃபியூஸுக்கு வந்து, அங்கிருந்து சுவிட்சுக்குப் போய், திரும்பவும் அதே ஓட்டை வழியாக விளக்குக்கு. அந்த ஓட்டையில் ரப்பர் புஷ் கிடையாது. வெறும் தகர விளிம்பு. எட்டு மாத அதிர்வில் விளிம்பு வயரின் தோலை அரிவாள் மாதிரி அறுத்திருந்தது. செம்பு தகரத்தைத் தொட்டது. பேட்டரிக்கும் அந்த ஓட்டைக்கும் நடுவில் ஃபியூஸ் இல்லை, சுவிட்ச் இல்லை, சாவியின் கட்டுப்பாடும் இல்லை. ஃபியூஸை எடுத்துப் பார்த்தேன். நீல நிறத்தில், உள்ளே கம்பி அறுபடாமல், புத்தம் புதிதாக இருந்தது.

ஃபியூஸ் இருந்தது, தப்பான முனையில். நான் கேட்ட கேள்வியும் தப்பு. “ஃபியூஸ் போட்டிருக்கா?” என்று கேட்டேன், “எங்கே போட்டிருக்கு?” என்று கேட்கவில்லை.

இந்த இடத்தில் எனக்குள் ஊறியிருந்த ஒரு நினைப்பையும் சொல்ல வேண்டும். எங்கள் பழைய வீட்டில் மெயின் பலகையில் வெள்ளைப் பீங்கானில் ஃபியூஸ் கட்டை இருந்தது. மழைக் காலத்தில் கரண்ட் போனால் அப்பா ஸ்டூல் போட்டு ஏறி, கட்டையைப் பிடுங்கி, மெல்லிய ஈயக் கம்பி ஒன்றைச் சுற்றி மாட்டுவார். “இது இல்லேன்னா டி.வி. போயிடும்டா” என்பார். டி.வி.யைக் காப்பாற்றத்தான் ஃபியூஸ் என்று நான் வளர்ந்தேன். அப்பா சில நேரம் ஃபியூஸ் கம்பி தீர்ந்துபோனால் சாதா செம்பு வயரிலிருந்து இரண்டு இழை பிரித்துப் போட்டுவிடுவார். டி.வி. ஒன்றும் ஆகவில்லை. வீடு எரியாமல் இருந்தது எங்கள் நல்ல காலம்.

ஃபியூஸ் கருவியைக் காப்பாற்றுவதற்கு இல்லை. வயரைக் காப்பாற்றுவதற்கு. இதை எனக்கு மண்டையில் ஏற்றியவர் திண்டுக்கல் பழனி ரோட்டுப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன். அறுபதைத் தாண்டியவர். இப்போதும் ஆல்டர்னேட்டரை டைனமோ என்றுதான் சொல்வார். கருகிய காரை அவரிடம்தான் விட்டேன். என் கதையைக் கேட்டுவிட்டு அவர் திட்டவில்லை, சிரிக்கவுமில்லை. “தம்பி, உங்க ஊர்ல கண்மாய் உண்டுல்ல?” என்றார்.

“உண்டுண்ணே.”

“மடை எங்க இருக்கும்? கண்மாய்க் கரையில இருக்குமா, வயக்காட்டுல இருக்குமா?”

கரையில்தான். வாய்க்கால் ஆரம்பிக்கும் இடத்திலேயே. வயலின் வாசலில் மடை வைத்துவிட்டு, நடுவழியில் வாய்க்கால் உடைந்தால் என்ன செய்வது? மடையை மூடினாலும் கண்மாய் காலியாகிக்கொண்டே இருக்கும், நடுவில் இருக்கிறவன் வீடு மூழ்கும். அவர் மேற்கொண்டு விளக்கவில்லை. என் காரில் நடந்தது இதுதான்.

பேட்டரி என்கிற கண்மாயை நாம் ரொம்பச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். 12 வோல்ட் தானே, தொட்டால்கூட ஷாக் அடிக்காது என்கிற தைரியம். ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் சின்னக் காரின் 35 ஆம்பியர்-அவர் (ஆம்பியர்-மணி) பேட்டரிகூட செல்ஃப் மோட்டாரைச் சுற்றுவதற்காக நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் தரக்கூடியது. வீட்டில் மிக்ஸி மூன்று நாலு ஆம்பியர்தான் இழுக்கும். என் வயர் தகரத்தில் பட்ட நொடியில் அதில் ஓடியது நூறைத் தாண்டியிருக்கும். அரை ஸ்கொயர், அதாவது குறுக்குவெட்டு அரை சதுர மில்லிமீட்டர் உள்ள என் வயர், அதற்கு முன்னால் ஹீட்டர் காயில்தான்.

அண்ணன் இதை வாயால் சொல்லவில்லை, செய்து காட்டினார். கழிவு வயர் ஒன்றின் தோலை உரித்து, ஒரே ஒரு செம்பு இழையை எடுத்து, ஒரு முனையை நெகட்டிவில் வைத்து மறுமுனையைக் கட்டிங் பிளையரால் பிடித்துப் பாசிட்டிவில் தொட்டார். ஒரு கணம் ஆரஞ்சு நிறம். அப்புறம் இழையே இல்லை, பிளையர் நுனியில் ஒரு கரும்புள்ளி மட்டும். அடுத்து ஒரு ஃபியூஸ் ஹோல்டரில் சிவப்பு 10 ஆம்பியரைப் போட்டு, அதன் பின்னால் ஒரு மீட்டர் வயரை மாட்டி, வயரின் மறுமுனையை வேண்டுமென்றே நெகட்டிவில் ஒட்டினார். ‘டிக்’ என்றுகூடக் கேட்கவில்லை. “வயரைத் தொட்டுப் பாருங்க” என்றார். தொட்டேன். சில்லென்று இருந்தது. அந்தச் சில்லிப்புக்குத்தான் ஃபியூஸ். (இதை யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், பொறி பட்டால் வெடிக்கும். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, சார்ஜில் இல்லாத பேட்டரியில் செய்தார்.)

எவ்வளவு தூரத்தில் ஃபியூஸ் இருக்க வேண்டும் என்று கேட்டேன். பேட்டரி முனையில் விரலை விரித்து வைத்துக் காட்டினார். ஒரு சாண். இடமே இல்லை என்றால் ஒரு முழம், அதற்கு மேல் கிடையாது. கார் ஆடியோ மாட்டுகிறவர்கள் உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு 18 அங்குலம். அளந்து பார்த்தால் அதுவும் நம்முடைய முழம்தான்.

சரி, எத்தனை ஆம்பியர் ஃபியூஸ்? இங்கேதான் எல்லோரும் விளக்கின் வாட்டை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். பாதிதான் சரி. 55 வாட் இரண்டு என்றால் 110 வாட். 12-ஆல் வகுத்தால் 9.2 ஆம்பியர். ஃபியூஸை அதன் அளவுக்கு முக்காலுக்கு மேல் எப்போதும் சுமக்க விடுவது நல்லதில்லை, 10 போட்டால் காரணமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். எனவே 15. இது விளக்கின் பக்கத்திலிருந்து வரும் கணக்கு. வயரின் பக்கத்திலிருந்து ஒரு கணக்கு உண்டு. அந்த 15 ஆம்பியரை இந்த வயர் வேர்க்காமல் சுமக்குமா? சுமக்காது என்றால் ஃபியூஸைக் குறைக்க வழியில்லை, வயரைத்தான் பெரிதாக்க வேண்டும். ஒரே பாதையில் பல அளவு வயர் இருந்தால் அதில் ஒல்லியானது எதுவோ அதுதான் நாட்டாமை. அண்ணன் கைவசம் வைத்திருக்கும் கணக்கு கெடுபிடியானது: அரை ஸ்கொயருக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ், ஒரு ஸ்கொயருக்கு 10, ஒன்றரைக்கு 15, இரண்டரைக்கு 20, நாலுக்கு 30. புத்தகத்தில் இதைவிடத் தாராளமான எண்கள் கிடைக்கும். புத்தகம் எழுதியவர் மே மாதம் திண்டுக்கல் வெயிலில் பானெட்டுக்குள் கையை விட்டிருக்க மாட்டார் என்பது அண்ணனின் கட்சி. நான் அவர் கட்சி.

வயரின் அளவு ஃபியூஸுக்கு மட்டுமட்டாக இருக்கக் கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு, எனக்கு அது புதுசு. 15 ஆம்பியர் ஃபியூஸ் 15-ஐத் தாண்டியதும் போய்விடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லவே இல்லை. 10 சதவீதம் கூடுதலாக ஓடினால் நூறு மணி நேரம்கூடத் தாங்கும். 35 சதவீதம் கூடினால் பத்து நிமிஷம் வரை பொறுத்துப் பார்க்கும். இரண்டு மடங்கு ஆனால்தான் ஐந்து நொடிக்குள் உறுதியாக அறுபடும். அந்தப் பத்து நிமிஷமும் 20 ஆம்பியரைச் சுமக்கப் போவது நம் வயர்தான்.

என் பழைய வயர் அரை ஸ்கொயர் என்றேன் அல்லவா, அதையும் அண்ணன் அளந்து காட்டினார். கருகாத பகுதியை வைத்து, பழைய நீளத்துக்கே இழுத்து, விளக்கை எரியவிட்டு மல்டிமீட்டரைப் பிடித்தார். பேட்டரியில் 13.6 வோல்ட், விளக்கின் முனையில் 11.9. நடுவில் 1.7 வோல்ட் எங்கே போனது? வயரைச் சூடாக்கப் போனது. 9 ஆம்பியரோடு பெருக்கினால் பதினைந்து வாட். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றைப் பாதி சூட்டில் வைத்து பானெட்டுக்குள் படுக்கப் போட்ட மாதிரி. பல்பின் வெளிச்சம் வோல்ட்டை விட வேகமாக விழும். எட்டில் ஒரு பங்கு வோல்ட் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடும். எட்டு மாதமாக ஃபாக் லேம்ப் மங்கலாக இருக்கிறதே, மலிவான விளக்குபோல என்று விளக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வயரின் ஒரு முனையைக் கத்தியால் சுரண்டியும் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. இது செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குகூடக் கடத்தாது, வளைத்தால் சீக்கிரம் ஒடியும். கடையில் வயர் வாங்கினால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். வீட்டு வயர் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. செம்பு நல்ல செம்புதான். ஆனால் அதன் தோல் பொதுவாக 70 டிகிரிக்குச் செய்தது. பானெட்டுக்குள் அதன் ஆயுள் குறைவு. ஆட்டோ வயர் என்று கேட்டே வாங்குவது மேல்.

புது வயரிங்கில் ஒரு ரிலே வந்தது. ரிலே என்றால் என்னமோ பெரிய சமாச்சாரம் என்று தள்ளிப் போடுகிறோம். பெரிய கரண்ட்டைச் சின்னக் கரண்ட்டால் திறந்து மூடும் கதவு, அவ்வளவுதான். டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக இப்போது 0.15 ஆம்பியர்தான் போகிறது, ரிலேயின் காயிலை இழுக்க அது போதும். விளக்குக்கான 9 ஆம்பியர் காபினுக்குள் வருவதே இல்லை. பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ஃபியூஸிலிருந்து ரிலே, ரிலேயிலிருந்து விளக்கு, எல்லாம் பானெட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. வயரின் நீளமும் பாதியாகிவிட்டது. ரிலேயின் கால்களில் 30, 85, 86, 87 என்று எண் அடித்திருக்கும். இது ஜெர்மனியின் டி.ஐ.என். 72552 தரத்திலிருந்து வந்தது. அண்ணனுக்கு அந்தத் தரத்தின் பெயர் தெரியாது. ஆனால் “முப்பதுல பேட்டரி, எண்பத்தேழுல லோடு, எண்பத்தஞ்சு எண்பத்தாறு காயிலு” என்று வாய்ப்பாடு மாதிரி சொல்வார். 86-க்கு வரும் சப்ளையை அவர் பார்க் லைட் லைனிலிருந்து எடுத்தார், அதற்கும் தனியாக ஒரு 3 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு. பார்க் லைட் அணைந்தால் ஃபாக் லேம்பும் தானாக அணையும். மறந்துபோய் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனாலும் பேட்டரி இறங்காது.

இன்னொன்றும் அவர் சொன்னார், இதை எழுதாமல் விட்டால் பாவம். என் கார் பழசு, ஹெட்லைட் வயரில் நேராகக் கை வைக்கலாம். இப்போது வரும் கார்களில் விளக்குகளை ஒரு கம்ப்யூட்டர் பெட்டி கண்காணிக்கிறது. எந்த வயரில் எவ்வளவு ஓடுகிறது என்று அதற்குத் தெரியும், கூடினால் குறைந்தால் கோபித்துக்கொண்டு அணைத்துவிடும். அந்தக் கார்களில் வயரை வெட்டவே கூடாது. அந்த மாடலுக்கென்று கப்ளரோடு வரும் வயரிங் கிட் வாங்குவதுதான் வழி. வெட்டினால் வாரண்டிப் பேச்சும் அதோடு முடிந்தது.

வயரை வயரோடு சேர்ப்பது பற்றி எனக்கும் அவருக்கும் ஒரு சின்ன வாக்குவாதம். நான் ஈயம் வைத்துப் பற்ற வைப்பதுதான் உயர்ந்த வேலை என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் ரேடியோ கிட் செய்த பெருமை. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஈயம் இழைகளுக்குள் ஊறி ஒரு அங்குலத்துக்கு வயரைக் குச்சியாக்கிவிடும். குச்சி முடிந்து இழை ஆரம்பிக்கும் இடத்தில் அதிர்வு வேலை செய்து ஒரு நாள் ஒடியும். ரேடியோ மேசையில் இருக்கிறது, கார் குண்டும் குழியுமான ரோட்டில் இருக்கிறது. லக் என்கிற உலோக முனையைப் போட்டு, சரியான கிரிம்பிங் பிளையரால் நசுக்கி, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் ஏற்றுவதுதான் அவர் முறை. நசுக்கிய பிறகு இழுத்துப் பார்ப்பார், நன்றாகவே இழுப்பார். வெறுமனே முறுக்கி டேப் சுற்றுவது அவர் பட்டறையில் தடை செய்யப்பட்ட கலை. என் காரில் கடைக்காரப் பையன் சுற்றியிருந்த டேப்பின் பசை வெயிலில் உருகி, டேப் தானாகவே பிரிந்து, பலாப்பழம் வெட்டிய கத்தி மாதிரி பிசுபிசுவென்று தொங்கிக்கொண்டிருந்தது.

தகரச் சுவரில் அந்த ஓட்டையை அடைத்துவிட்டோம். காரில் ஏற்கெனவே கம்பெனி வயர்கள் போகும் பெரிய ரப்பர் புஷ் ஒன்று இருக்கிறது. அதில் சின்னதாகத் துளைத்து, சுவிட்ச் வயரை மட்டும் வளைந்த குழாயில் போட்டு உள்ளே எடுத்தார். எர்த்துக்கு, இருந்த ஒரு பாடி போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பெயிண்ட்டைத் தேய்த்துத் தகரம் மினுங்கிய பிறகு வளைய லக்கை வைத்து இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ். எர்த்தை யாரும் மதிப்பதில்லை. போன கரண்ட் முழுக்கத் திரும்பி வந்தாக வேண்டும், அது வரும் வழி ஒல்லியாக இருந்தால் வேறு யார் வீட்டு வழியாகவாவது நுழைந்து வரும். ஹாரன் அடித்தால் இண்டிகேட்டர் மினுக்கும் கார்களைப் பார்த்திருப்பீர்களே, அதுதான்.

கூலி, ரிலே, வயர், கருகிப்போன கம்பெனி ஹாரன் லைனையும் இடது இண்டிகேட்டர் லைனையும் சரிசெய்தது எல்லாம் சேர்ந்து முதல் செலவைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. அந்த இரண்டு லைனும் ஒரு பாவமும் செய்யவில்லை. பையன் புது வயரை அழகாக இருக்கட்டும் என்று கம்பெனி வயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தான், எரிந்தபோது பக்கத்தில் இருந்தவர்களையும் கூட்டிக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு நான் டேஷ்கேம் போட்டேன், அதை நானே போட்டேன். டேஷ்கேம் இழுப்பது அரை ஆம்பியருக்குக் கீழே. இவ்வளவு சின்ன சாமானுக்கு ஃபியூஸ் எதற்கு என்று கேட்காத நண்பர் இல்லை. எல்.இ.டி. விளக்கு போடுகிறவர்களும் இதையே கேட்கிறார்கள். சாமான் ஒரு ஆம்பியர் இழுக்கும், சரி. வயர் ஷார்ட் ஆனால் பேட்டரி சாமானைக் கேட்டா கொடுக்கப் போகிறது?

ஃபியூஸ் பெட்டியில் ஒரு ஃபியூஸைப் பிடுங்கி அந்த இடத்தில் சொருகும் ஃபியூஸ் டேப் (சுற்றுகிற டேப் இல்லை, கிளை எடுக்கும் சின்னச் சாமான்) கடையில் கிடைக்கிறது. ஒரே இடத்தில் இரண்டு ஃபியூஸ் உட்காரும், பழைய லைனுக்கு ஒன்று, நமக்கு ஒன்று. அதைத் திருப்பி மாட்டினாலும் வேலை செய்யும் என்பதுதான் தொல்லை. அப்போது நம் கரண்ட்டும் பழைய ஃபியூஸ் வழியாகவே ஓடும். ஃபியூஸைப் பிடுங்கியதும் டெஸ்ட் லாம்ப்பை வைத்து எந்தக் காலில் சப்ளை வருகிறது என்று பாருங்கள். இரண்டு ஃபியூஸுக்கும் பொதுவான கால் அந்தப் பக்கம் போக வேண்டும். ஏர்பேக், ஏ.பி.எஸ்., என்ஜின் என்று எழுதிய இடங்களைத் தொட வேண்டாம். பின் வைப்பர், சார்ஜர் சாக்கெட் மாதிரி போனால் போகட்டும் என்று விடக்கூடிய இடத்தைப் பிடியுங்கள். நான் பின் வைப்பரைப் பிடித்தேன். வாங்கிய நாளிலிருந்து நாலு தடவைதான் அது ஓடியிருக்கிறது.

கேமரா வயரைக் கண்ணாடி ஓரத் தூண் வழியாக இறக்கும்போது நான் ஒரு மணி நேரம் செலவழித்தேன். என் காரில் அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் கர்ட்டன் ஏர்பேக் இருக்கும் கார்களில் அது கூரை ஓரத்திலிருந்து அந்தத் தூண் வரைக்கும் மடித்து வைத்திருக்கும். வயர் அதன் முன்னால் குறுக்கே போனால், வெடித்து விரியும் நொடியில் வயரையும் இழுத்துக்கொண்டு முகத்துக்கு வரும். பின்னால்தான் போக வேண்டும், கம்பெனி வயரோடு ஒட்டி. இந்த ஒரு வேலையில் சந்தேகம் இருந்தால் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

பார்க்கிங் மோடில் நான் சறுக்கினேன். நிறுத்தியிருக்கும்போதும் பதிவு செய்யட்டும் என்று, சாவி இல்லாமலும் சப்ளை வரும் இன்னொரு ஃபியூஸ் இடத்திலிருந்தும் கேமராவுக்கு லைன் கொடுத்து வைத்துவிட்டு மூன்று நாள் சென்னைக்கு ரயிலில் போனேன். 0.3 ஆம்பியர்தானே. ஒரு நாளைக்கு ஏழு ஆம்பியர்-அவர், மூன்று நாளைக்கு இருபத்தொன்று, பேட்டரியே 35, அதுவும் மூன்று வயதான 35. திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக் டிக்’. கேமரா தானாக அணைந்துகொள்ளும் கட்-ஆஃப் 11.6 வோல்ட்டில் இருந்தது. ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6-ல் முழுசு, 12.2 வந்தாலே ஏறக்குறைய பாதி காலி, 11.6 என்பது கஞ்சி குடித்த பாத்திரம். இப்போது 12.2-ல் வைத்திருக்கிறேன். திருடன் வந்தால் முதல் ஒன்றரை நாளுக்குள் வரட்டும்.

சார்ஜர் சாக்கெட்டில் காற்றடிக்கும் பம்பு, வாக்குவம் கிளீனர் என்று எல்லாவற்றையும் சொருகுகிறவர்கள் அந்த சாக்கெட் மூடியைக் கொஞ்சம் படிக்கலாம். பல காரில் 120 வாட் என்று எழுதியிருக்கும், அதாவது 10 ஆம்பியர். பம்பு 15 கேட்கும். ஃபியூஸ் போனதும் அங்கே 20 போடுகிற வழக்கம் நம் ஊரில் உண்டு, மஞ்சள் கிடைத்தால் மஞ்சள், பச்சை கிடைத்தால் பச்சை. அந்த நிறங்கள் அலங்காரத்துக்கு இல்லை: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. பம்பே ஓடாமல் போனால் அதன் பிளக்கின் மூக்கைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கண்ணாடி ஃபியூஸ் ஒன்று இருக்கும், பெரும்பாலும் அதுதான் போயிருக்கும்.

இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது பாலிசியில் ஐ.எம்.டி. 24 என்று ஒரு பிரிவு வரும். கம்பெனியில் வராத எலக்ட்ரிக்கல் சாமான்களை மதிப்புப் போட்டுச் சேர்ப்பதற்கானது. நான் அதைப் படிக்காமலே ஐந்து வருஷம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுத் தம்பி புதுசாக ஜோடி ஹாரன் போட்டுவிட்டு வந்தான். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அடித்துக் காட்டினான். நாய்கள் எழுந்துகொண்டன.

“எப்படிண்ணே?”

“நல்லாருக்குடா. ஃபியூஸ் எங்க இருக்கு?”

“அதெல்லாம் கடையில போட்டுட்டாங்கண்ணே.”

“எங்க?”

பானெட்டைத் திறந்தான். பேட்டரி பாசிட்டிவிலிருந்து பளபளவென்று ஒரு சிவப்பு வயர் கிளம்பிப் போனது. அதைக் கையால் தொட்டுக்கொண்டே போனேன். ஒரு சாண் முடிந்தது. ஒரு முழம் முடிந்தது. வயர் பேட்டரித் தட்டுக்குக் கீழே இறங்கி, ரேடியேட்டர் சட்டத்தைச் சுற்றி, பம்பருக்குப் பின்னால் மறைந்தது. கை எட்டும் வரைக்கும் தடவினேன், ஹாரன் தட்டுப்பட்டது.

“இருடா, பத்தாம் நம்பர் ஸ்பேனர் எடுத்துட்டு வரேன்” என்று வீட்டுக்குள் போனேன்.